எங்கள் தொட்டிகளுக்கு நோய் தாங்கும் தாய் மீன் வேண்டும்: மீன்வளத் துறைக்கும் மாதவரம் மீன்வள ஆராய்ச்சியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

நான் கதிர்வேட்டில் வீட்டுக்குப் பின்னால் பதினாறு சிமெண்ட் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்க்கிறவள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது மாமியார் இரண்டு தொட்டியில் மோலி விட்டிருந்தார். அவரிடம் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். இப்போது முக்கியமாக கோல்டு ஃபிஷ். ஒராண்டா, ரெட் கேப், சுபுங்கின் மூன்றும் எடுக்கிறேன். முட்டை எடுப்பதும் குஞ்சு தேற்றுவதும் என் வேலை; ஆக்ஸிஜன் பாக்கெட் போட்டு கொளத்தூர் கடைகளுக்குக் கொண்டுபோவது என் வீட்டுக்காரர் வேலை. விநாயகபுரம், லட்சுமிபுரம், சூரப்பட்டு, புழல், செங்குன்றம் என்று இந்தப் பக்கம் எங்களைப் போல எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது இந்த மீனால்தான்.

கொளத்தூர் வண்ண மீன் வணிகத்துக்கென்று அரசு ஒரு வர்த்தக மையத்தை முன்னெடுத்திருக்கிறது. எங்களுக்கு அதில் மனதாரச் சந்தோஷம். ஆனால் கடைக்குப் போகும் மீன் முதலில் எங்கள் தொட்டியில் உயிரோடு இருக்க வேண்டுமே. அதைப் பற்றிப் பேசத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். தாழ்வாக இருந்த தொட்டிகளில் மழைத்தண்ணீரும் சாக்கடையும் ஒன்றாகப் புகுந்து மீன் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. திட்டு மேல் கட்டிய ஐந்து தொட்டிதான் மிஞ்சியது. பொங்கலுக்குள் கொடுப்பதாகச் சொல்லி முன்பணம் வாங்கியிருந்ததால், குறைந்ததை ஈடுகட்ட ஒரு வியாபாரியிடம் இரண்டு பாக்கெட் கோல்டு ஃபிஷ் வாங்கி ஒரு தொட்டியில் விட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. புது மீனைப் பத்துப் பதினைந்து நாளாவது தனியாக வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வைக்கவில்லை. காலித் தொட்டி எல்லாம் சேறாகக் கிடந்தது. ஒரே கைவலையை எல்லாத் தொட்டியிலும் போட்டு எடுத்தேன்.

ஒரு வாரம், பத்து நாள் போயிருக்கும். மார்கழிக் குளிர். விடியற்காலையில் ஏரேட்டர் சத்தம் கேட்டுப் பின்பக்கம் போனால், ஆறாம் தொட்டியில் குஞ்சுகள் எல்லாம் ஏர் ஸ்டோனைச் சுற்றிக் குமிழி வரும் இடத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நிற்கின்றன. தீனி போட்டேன், ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஒன்றைக் கையில் எடுத்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய இடம், பல தடவை துவைத்த துணி மாதிரி வெளுத்திருந்தது. மேலே ஒரு புண் இல்லை, பூஞ்சை இல்லை, வெள்ளைப் புள்ளி இல்லை. அழகான மீன். சாயங்காலத்துக்குள் கையில் எடுத்த அந்த மீன் செத்துப்போனது.

நாங்கள் எல்லாரும் என்ன செய்வோமோ அதையே நானும் செய்தேன். கல்லுப்பு போட்டேன், மெத்திலீன் ப்ளூ ஊற்றினேன், கடையில் கொடுத்த மஞ்சள் ஆன்டிபயாடிக் பவுடரைக் கரைத்து விட்டேன். மூன்று நாளில் மருந்துக்கு மட்டும் இரண்டாயிரத்துச் சொச்சம். எதுவும் நிற்கவில்லை.

பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படித்த என் அண்ணன் மகன் வந்து, சாகும் நிலையில் இருந்த இரண்டு மீனை அறுத்துப் பார்த்தான். மண்ணீரல் வீங்கி, அதில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. "அத்தை, இதுக்கு நீங்க போடுற பவுடர் ஒண்ணும் செய்யாது" என்றான். ஐஸில் வைத்து மாதிரி அனுப்பி, கிருமியின் மரபுப் பொருளைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்ததில் கோல்டு ஃபிஷ் ஹெர்பிஸ் வைரஸ் என்று வந்தது. சைப்ரினிட் ஹெர்பிஸ் வைரஸ் 2 என்பது அதன் முழுப் பெயர். 1992-ல் ஜப்பானில் முதலில் கண்டுபிடித்தார்களாம். ரத்தம் ஊறும் உறுப்புகளையே, அதாவது சிறுநீரகத்தையும் மண்ணீரலையும் அரித்துவிடும். தண்ணீர் 15 முதல் 25 டிகிரி வரை இருக்கும்போதுதான் அதற்கு வேகம். சென்னைத் தண்ணீர் வருடம் முழுக்கச் சூடு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மார்கழி, தை விடியற்காலையில் என் தொட்டியில் தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள், 23, 24 தான் காட்டும். சித்திரையில் வராத சாவு தையில் ஏன் வருகிறது என்று இத்தனை வருடம் விளங்காமல் இருந்தது எனக்கு அன்றைக்கு விளங்கியது.

நம் நாட்டு நன்னீர் வண்ண மீன் பண்ணைகளில் ஒரு வைரஸ் நோய் பரவியதற்கு முதல் ஆதாரம் என்று 2016-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதுவும் இதே வைரஸ்தான். அந்த மீன்களில் வைரஸோடு சேர்ந்து, பல மருந்துகளுக்கு மசியாத ஏரோமோனாஸ் பாக்டீரியாவும் இருந்ததாம். இதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. வைரஸை ஒன்றும் செய்யாத பவுடரை நாங்கள் கொட்டிக் கொட்டி, பக்கத்தில் இருக்கும் பாக்டீரியாவை மருந்துக்கு அடங்காததாக வளர்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தண்ணீரைத் தெருக் கால்வாயில்தான் திறந்துவிடுகிறோம். கால்வாய் எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனிமேல் சொல்வதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

ஆறாம் தொட்டியில் இரண்டு ஹாப்பா, அதாவது தொட்டிக்குள்ளேயே குஞ்சைப் பிரித்து வைக்கும் வலைப் பெட்டி, கட்டியிருந்தேன். அந்த வருடம் ஆவணியில், ஒரே வாரத்தில், இரண்டு தாய் மீன் முட்டை போட்டன. ஒன்று ஒரு நல்ல சிவப்பு ஒராண்டா. நிறத்துக்காகவே ஐந்தாறு தலைமுறையாக நான் தேர்ந்தெடுத்து எடுத்த வழி. இன்னொன்று செங்குன்றம் பக்கம் ஒரு அண்ணனிடம் மாற்றிக்கொண்ட தாய், நிறம் சுமார், தலைமேல் சதைக் கொண்டையும் சிறிசு. ஆளுக்கு 150 குஞ்சு எண்ணி, தனித்தனி ஹாப்பாவில் விட்டேன். ஒரே தொட்டி, ஒரே தண்ணீர், ஒரே புழு, ஒரே ஏரேட்டர். நடுவில் வலை மட்டும்தான்.

நோய் அடங்கிய பிறகு எண்ணினேன். அழகு ஒராண்டாவின் பிள்ளைகளில் 11 மிச்சம். சுமார் தாயின் பிள்ளைகளில் 118.

நோட்டில் எழுதியிருக்கிறேன், தேதி போட்டு. ஒரு தொட்டியில் ஒரு தடவை நடந்ததை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு ஹாப்பா மூலையில் இருந்தது, காற்று கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது என்றுகூட இருக்கலாம். ஆனாலும் 11-க்கும் 118-க்கும் உள்ள தூரத்தைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்தத் தாயிடம் ஏதோ இருக்கிறது.

அப்புறம் நான் ஒரு தப்பு செய்தேன். பிழைத்த 118-ஐயும் பொக்கிஷம் மாதிரி வளர்த்தேன். வைரஸைத் தாங்கின மீன், இதை வைத்து முட்டை எடுத்தால் குஞ்சும் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். அடுத்த ஆடி, ஆவணியில் அதில் இருபது ஜோடியைச் சூரப்பட்டில் இருக்கும் ஒரு அக்காவுக்குக் கொடுத்தேன். "நோய் கண்டு தேறின மீன் அக்கா, தைரியமா விடுங்க" என்று என் வாயாலேயே சொன்னேன். 2025 தையில் அந்த அக்காவின் தொட்டிகளில் சாவு விழுந்தது. நான் கொடுத்த இருபது ஜோடி அப்படியே நீந்திக்கொண்டிருந்தன. அவர் சொந்தமாக வைத்திருந்த மீன்கள் போய்விட்டன.

அண்ணன் மகன்தான் விளக்கினான். ஹெர்பிஸ் வகை வைரஸ், மீன் பிழைத்துவிட்டாலும் உடம்பை விட்டுப் போவதில்லை. உள்ளே ஒளிந்துகொண்டிருக்கும். குளிர் வந்தால், மீனுக்கு அலைச்சல் வந்தால், மறுபடி வெளியே வரும். அந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது, பக்கத்து மீன் சாகும். நான் கொடுத்தது நோய் தாங்கும் மீன் என்பது உண்மையாகவே இருக்கலாம். அதோடு நோயையும் சேர்த்துக் கொடுத்தேன். அந்த அக்காவுக்கு இன்றுவரை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குஞ்சு கொடுத்து ஈடு செய்கிறேன், இப்போது பரிசோதித்த மீன்களிலிருந்து எடுத்த குஞ்சு. அவர் கேட்கவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

பிறகு அவனை விடாமல் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள்? தாங்கும் மீனை எடுக்க வேண்டும், ஆனால் நோயைத் தொட்ட மீனாக இருக்கக் கூடாது என்றால் எப்படி முடியும்?

அவர்கள் செய்வது இப்படியாம். நூறு தாய், நூறு தகப்பன் என்று சேர்த்து நூறு குடும்பம் எடுக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் கொஞ்சம் குஞ்சுகளைப் பிரித்து, வெளியுலகத்தோடு ஒட்டே இல்லாத பூட்டிய கூடத்துக்குக் கொண்டுபோய், அங்கே வேண்டுமென்றே வைரஸைக் கொடுக்கிறார்கள். எந்தக் குடும்பத்தில் எத்தனை சாகிறது என்று நாள் கணக்காக எழுதுகிறார்கள். பிழைத்ததையும் சேர்த்து அந்த மீன்கள் எதுவுமே திரும்பி வருவதில்லை. எந்தக் குடும்பம் தாங்கியதோ, அந்தக் குடும்பத்தின் வைரஸையே பார்க்காத அண்ணன் தங்கைகள் வேறு இடத்தில் சுத்தமாக இருக்கும். அவற்றைத்தான் அடுத்த தலைமுறைக்குத் தாய் மீனாக எடுக்கிறார்கள். நான் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தபோது இது எனக்குத் தோன்றவே இல்லை. நோய் கொடுத்துப் பார்த்த கூடப்பிறப்புகள் சொல்லும் சாட்சியை வைத்து, நோயையே பார்க்காத மீனைத் தேர்ந்தெடுப்பது! இதை வீட்டுப் பின்பக்கத்தில் யாராலும் செய்ய முடியாது. அரசாங்கத்தால்தான் முடியும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு நார்வே சாட்சி. அங்கே சால்மன் மீனை 1970-களின் தொடக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்கள். அந்த மீனுக்குக் கணையத்தை அழிக்கும் ஐபிஎன் என்று ஒரு வைரஸ் நோய். ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் தனித்தனியாகத் தேடியவர்கள் 2008, 2009 வாக்கில் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். மீனின் மரபில் ஒரே ஒரு இடம், இந்த நோயைத் தாங்குவதா சாவதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. துடுப்பில் துளி வெட்டிப் பரிசோதித்து, அந்த நல்ல மரபு உள்ள தாய் தகப்பனை மட்டும் வைத்து முட்டை விற்கத் தொடங்கினார்கள். ஐபிஎன் நோய்ப் பரவல்கள் 75 சதவீதம் குறைந்தன. 2015-ல் அந்த மரபணு எது என்றும் சொல்லிவிட்டார்கள். வைரஸ் உயிரணுவுக்குள் நுழையும் கதவோடு சம்பந்தப்பட்ட ஒரு புரதம். தண்ணீரில் மருந்து ஒரு சொட்டு விடாமல் முக்கால்வாசி நோயை இறக்கியிருக்கிறார்கள் என்பதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

ஜப்பானில் ஹிராமே என்ற தட்டை மீனுக்கு லிம்ஃபோசிஸ்டிஸ் என்று ஒரு வைரஸ். மீன் சாகாது, ஆனால் உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வந்து விலை போகாது. வண்ண மீன் வளர்க்கிற எங்களுக்கு அந்த வேதனை நன்றாகப் புரியும். அங்கேயும் மரபுக் குறியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மீனில் கட்டியே வரவில்லை.

எங்களுக்கு இன்னும் நெருக்கமான கதை இஸ்ரேலில் நடந்தது. 1998-ல் அங்கே கெண்டைப் பண்ணைகளில் கோய் ஹெர்பிஸ் வைரஸ் புகுந்தது. என் தொட்டியில் வந்த வைரஸுக்கு அது அண்ணன் முறை. பண்ணையில் பல தலைமுறை வளர்ந்த கெண்டை இனங்களையும், ஆமூர் ஆற்றுப் பக்கத்துக் காட்டுக் கெண்டை வழியில் வந்த ஒரு இனத்தையும் கலந்து பார்த்தார்கள். காட்டு வழி கலந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் பிழைத்தன. பண்ணை இனம் சிலவற்றில் பெரும்பாலானவை போய்விட்டன. இதைக் கேட்டதும் எனக்கு என் நோட்டுதான் ஞாபகம் வந்தது. நிறத்துக்கும் கொண்டைக்கும் மட்டுமே பார்த்துப் பார்த்து, சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து, நாங்கள் அழகை எடுத்தோம். வேறு எதையெல்லாம் அதோடு விட்டுவிட்டோமோ.

திலாப்பியாவிலும் இதுதான் நடக்கிறது. திலாப்பியா ஏரி வைரஸ் என்று 2014-ல் அடையாளம் கண்ட நோய் நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. மலேசியாவில் 2018-ல் கிஃப்ட் என்ற, தேர்வு முறையில் மேம்படுத்திய திலாப்பியாவின் இனப்பெருக்கப் பண்ணையிலேயே அந்த வைரஸ் புகுந்தபோது, குடும்பக் கணக்கு கையில் இருந்ததால் எந்தக் குடும்பம் தாங்கியது என்று உடனே பிரித்துப் பார்க்க முடிந்தது. வித்தியாசம் பெரிதாகவே இருந்தது. நோட்டு வைத்திருந்தவனுக்கு நஷ்டத்திலும் ஒரு பாடம் கிடைத்தது.

நம் நாட்டால் முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. புவனேஸ்வரில் 1992-ல் நார்வேக்காரர்களோடு சேர்ந்து ரோகு மீனைக் குடும்பத் தேர்வில் எடுக்கத் தொடங்கி, சுதந்திரப் பொன்விழா ஆண்டான 1997-ல் ஜெயந்தி ரோகு என்று கொடுத்தார்கள். அது வேகமாக வளர்வதற்காக. பாக்டீரியா நோய் தாங்குவதற்கும் அதில் வேலை நடந்திருக்கிறது. அதே 1997-ல் நம் சென்னையில், சாந்தோம் பக்கம் இருக்கும் சிபா என்ற மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் கொடுவா மீனை இந்தியாவில் முதன்முதலாக அடைப்பில் முட்டையிட வைத்தார்கள். அந்தக் கொடுவாக் குஞ்சுக்கும் நரம்பைத் தாக்கும் நோடா வைரஸ் இருக்கிறது. குஞ்சு தலைகீழாகச் சுற்றிச் சுற்றிச் சாகும். பழவேற்காடு பக்கம் கொடுவா விடுகிறவர்கள் இதைக் கேட்டால் தலையாட்டுவார்கள். சிங்கப்பூரில் கொடுவாவில் இந்த நோயைத் தாங்கும் மரபைத் தேடி இருக்கிறார்கள். ஆக, இங்கே ஒரு கூடம் கட்டினால் கோல்டு ஃபிஷோடு நிற்க வேண்டியதில்லை.

பயிருக்கு நாம் இதைக் கேள்வியே கேட்காமல் செய்கிறோம். கரும்புக்கு 1912-லேயே கோயம்புத்தூரில் நிலையம் வைத்தார்கள். செவ்வழுகலைத் தாங்குமா என்று பார்க்காமல் ஒரு கரும்பு ரகத்தையும் வெளியே விட மாட்டார்கள். ஆடுதுறையிலிருந்து ஒரு நெல் ரகம் வந்தால், எந்தப் பூச்சியைத் தாங்கும், எந்த நோயைத் தாங்கும் என்று விவசாயி முதலில் கேட்பார். என் மாமனார் ஊர் கும்பகோணம் பக்கம், அவர் விதை நெல்லைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் ஒரு பொழுது போய்விடும். மீன் குஞ்சும் விதைதானே. அரசாங்கமே அதை மீன் விதை என்றுதான் எழுதுகிறது. பிறகு ஏன் நிறமும் சைசும் மட்டும் கேட்டு வாங்குகிறோம்?

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொளத்தூரில் பாதிப் பேருக்கு இது தெளிவாக இல்லை. கிருமி இல்லாத மீன் வேறு, கிருமியைத் தாங்கும் மீன் வேறு. பொன்னேரி, பழவேற்காடு இறால் பண்ணைக்காரர்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். 1994, 95-ல் வெள்ளைப் புள்ளி வைரஸ் வந்து அவர்களின் கருப்பு இறாலை வாரிக்கொண்டு போனது. 2009-ல் வனாமி என்ற வெளிநாட்டு இறாலுக்கு அனுமதி கொடுத்து, தாய் இறாலை நீலாங்கரையில் தனிமைப்படுத்திப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். எஸ்பிஎஃப் என்று சொல்வார்கள், குறிப்பிட்ட கிருமிகள் இல்லாதது. அது சுத்தமான பிள்ளை, அவ்வளவுதான். அழுக்குத் தண்ணீரில் விட்டால் அதற்கும் நோய் வரும். வெள்ளைப் புள்ளியைத் தாங்கும் இறாலை எடுப்பது மிகவும் கஷ்டமாக இருந்திருக்கிறது, ஆனால் டாரா என்ற இன்னொரு இறால் வைரஸைத் தாங்கும் வனாமியை அமெரிக்காவில் தேர்வு முறையில் எடுத்துவிட்டார்கள். ஆகவே எல்லா வைரஸுக்கும் இது பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. கோல்டு ஃபிஷில் இது எந்த அளவுக்குப் பிறவியில் வருகிறது என்று யாராவது நம் மீனிலேயே அளந்து பார்க்க வேண்டும். அந்த யாராவது நீங்களாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

மாதவரத்தில் உங்கள் வளாகம் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். நீர்வாழ் உயிரினங்களின் நோயைப் பார்க்கும் ஆய்வகம் அங்கேயே இருக்கிறது. படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நாங்கள் இருக்கிறோம், மீன் இருக்கிறது. உலகத்தில் வேறு எந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு வாசலிலேயே இத்தனை வண்ண மீன் குடும்பம் கிடைக்கும்?

கூடம் கட்டுவதானால் ஒரு கெஞ்சல். வைரஸ் கொடுத்துப் பார்க்கும் தொட்டியின் தண்ணீர் ஒரு சொட்டுகூட குளோரின் போட்டுக் கொல்லாமல் வெளியே வரக் கூடாது. ரெட்டேரியும் மாதவரம் ஏரியும் பக்கத்தில் இருக்கின்றன. மிக்ஜாமில் எங்கள் தொட்டி மீன் எங்கெங்கே போனது என்பதைப் பார்த்தவள் சொல்கிறேன், இந்தப் பக்கம் வெள்ளம் வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். தரைத்தளத்தில் கட்டாதீர்கள்.

தாய் மீன் சேர்க்கும்போது பரிசு வாங்கும் மீனை மட்டும் பொறுக்காதீர்கள். கொளத்தூர் மீனோடு நிற்காமல், கல்கத்தா வழி மீன், வெளியிலிருந்து வரும் மீன், நிறம் மங்கியது, கொண்டை சின்னது, எல்லாவற்றையும் எடுங்கள். நாங்கள் அழகில்லை என்று ஒதுக்கித் தள்ளியதில்தான் நீங்கள் தேடுவது இருக்கலாம். நிறத்தைப் பிறகு திரும்பக் கொண்டுவந்துவிடலாம், அந்த வேலையை எங்களிடம் விடுங்கள், அதில் எங்களுக்குக் கைப்பழக்கம் உண்டு. நாலைந்து குடும்பத்தை மட்டும் நல்லது என்று பிடித்துக்கொண்டு அதையே பெருக்கினாலும் ஆபத்து. சொந்தத்துக்குள் சேர்த்தால் என்ன ஆகும் என்று என் சிவப்பு ஒராண்டாவே சாட்சி.

இது ஒரு வருடத்து வேலை இல்லை என்று தெரியும். கோல்டு ஃபிஷ் முட்டை போட ஏறக்குறைய ஒரு வயது ஆக வேண்டும். மூன்று நான்கு தலைமுறை என்றால் ஐந்து வருடமாவது ஆகும். நடுவில் அதிகாரி மாறுவார், நிதி ஆண்டு முடியும், ஆராய்ச்சி செய்யும் பிள்ளை படிப்பு முடித்துப் போய்விடும். திட்டம் ஒருவரின் மேஜையில் இல்லாமல் நிலையத்தின் பெயரில் இருந்தால்தான் நிற்கும். குடும்பக் கணக்கு எழுதும் நோட்டு ஒரு நாளும் நிற்கக் கூடாது. நோட்டு நின்றால் அத்தனையும் வெறும் மீனாகிவிடும்.

அதுவரை நாங்கள் சும்மா இருக்க முடியாது. சாகும் மீனைக் கொண்டுவந்தால் பிசிஆர் பார்க்க, சின்ன வளர்ப்பாளர் கட்டக்கூடிய ஒரு விலை வையுங்கள். எங்கள் மகளிர் குழுவில் பதினொரு பேர் இருக்கிறோம், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பங்காகக் கட்டத் தயார். செத்து நாறிய மீனைக் கொண்டுவந்தால் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது, உயிர் இருக்கும்போதே கொண்டுவர வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் கடைகளில் ஒட்டுங்கள். எனக்கே அது இருபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. குளிர் மாதத்தில் தொட்டியைச் சூடாக்கி மீனைக் காப்பாற்றும் முறை ஜப்பானில் இருக்கிறது, 30 டிகிரிக்கு மேல் கொண்டுபோகிறார்கள். நம் கரண்ட் பில்லுக்கு அது ஒத்துவருமா, மூடாக்குப் போட்டு வெயிலை வைத்தே செய்ய முடியுமா என்று பார்த்துச் சொன்னால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள். ஆனால் அப்படிப் பிழைத்த மீனையும் தாய் மீனாக விற்கக் கூடாது என்று சேர்த்தே சொல்லுங்கள்.

என்றைக்காவது உங்களிடமிருந்து நோய் தாங்கும் கோல்டு ஃபிஷ் வெளியே வந்தால், அதற்கு வைரஸே வராது என்று மட்டும் யாரையும் மேடையில் சொல்ல விடாதீர்கள். நார்வேயில்கூட அந்த நல்ல மரபு உள்ள சால்மனையும் பிடிக்கும் புது மாதிரி ஐபிஎன் வைரஸ் தலைகாட்டிவிட்டது. நம் ஆட்கள் வைரஸ் ஃப்ரீ என்று ஒரு ஸ்டிக்கர் பார்த்தால் மறுநாளே தனித்தொட்டியைக் காலி செய்துவிடுவார்கள். இந்த மீன் எதைத் தாங்கும், எவ்வளவு தாங்கும், எதைத் தாங்காது என்று மூன்றையும் எழுதிக் கொடுங்கள். வலையைக் கழுவுவதும், புது மீனைத் தனியாக வைப்பதும் அப்போதும் நிற்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. அந்த ஆவணியில் இரண்டு தாய்க்கும் பிறந்த குஞ்சுகள் 150, 150-ஐவிட அதிகம் இருந்தன. எனக்கு இடம் போதாமல், ஐப்பசியிலேயே, வெள்ளத்துக்கும் நோய்க்கும் முன்னால், இரண்டு குடும்பத்திலும் அந்த 150 போக மீதியைப் பொன்னேரிப் பக்கம் அண்ணன் வீட்டுத் தொட்டிகளுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே நோய் போகவில்லை. பரிசோதித்தும் பார்த்தாகிவிட்டது, வைரஸ் இல்லை. சுமார் தாயின் பிள்ளைகள் 64, சிவப்பு ஒராண்டாவின் பிள்ளைகள் 52, இன்றைக்கும் தனித்தனித் தொட்டியில் இருக்கின்றன. இவை வைரஸைப் பார்க்காத உடன்பிறப்புகள். நீங்கள் தேடித் திரிய வேண்டியதை நான் தெரியாத்தனமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். இரண்டு வயது தாண்டிவிட்டது. அண்ணன் அந்தத் தொட்டிகளை மோலிக்குக் கேட்கிறார், இந்த மழைக்காலம் முடியும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

மீனுக்குக் காசு வேண்டாம். தேதி போட்ட நோட்டும் சேர்த்துத் தருகிறேன். ஆக்ஸிஜன் பாக்கெட் நானே போட்டுவிடுவேன், நீங்கள் வண்டி மட்டும் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
கதிர்வேட்டிலிருந்து ஒரு வண்ண மீன் வளர்ப்பாளர்